எத்தனை வாட் போதும்? சிறு மேடைக்கு ஒரு வால்வு ஆம்ப்

கிட்டார் ஆம்ப் வாங்கக் கடைக்குப் போகிறவர் வாயில் முதலில் வருவது "இது எத்தனை வாட்?" என்ற கேள்விதான். பைக் வாங்கும்போது "மைலேஜ் எவ்வளவு?" என்று கேட்பது மாதிரி, வாயில் ஊறிப்போன கேள்வி. ஐம்பது அறுபது பேர் உட்காரும் காபிக் கடையிலோ, கல்லூரி அரங்கின் மூலையிலோ, மாதா கோவில் திருவிழாப் பந்தலிலோ வாசிக்கப் போகிறவருக்கு அந்தக் கேள்வி மூன்றாவதாகத்தான் வரவேண்டும் என்பது என் கட்சி. முதல் கேள்வி: டிரம்ஸ்காரர் எவ்வளவு ஓங்கி அடிப்பார்? இரண்டாவது: ஆம்புக்கு முன்னால் மைக் வைப்பார்களா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் வாட்டை மட்டும் பார்த்து வாங்கினால், ஒன்று சத்தம் போதாமல் ஏமாறலாம், அல்லது சத்தம் தாங்காமல் ஏமாறலாம். நான் இரண்டு விதமாகவும் ஏமாந்தவன்.

வீட்டில் ஜன்னல் கம்பி அதிர வாசித்த 5 வாட் ஆம்பை நம்பி முதல் மேடைக்குப் போனேன். டிரம்ஸ்காரர் குச்சியைக் கையில் எடுத்த பிறகு என் கிட்டார் எனக்கே கேட்கவில்லை. அந்த ரோஷத்தில் 40 வாட் ஆம்ப் ஒன்று வாங்கினேன். அதன் வால்யூம் குமிழ் ஒன்றரையைத் தாண்டியதே இல்லை. தாண்டினால் முன் மேசைக்காரர் என்னைப் பார்க்கமாட்டார், கடை முதலாளியைப் பார்ப்பார்.

வால்வு ஆம்பில் இது வெறும் சத்தத் தகராறு இல்லை. டிரான்சிஸ்டர் ஆம்பை ஒன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் குரல் பெரிதாக மாறாது. வால்வு ஆம்ப் அப்படியல்ல. தன் வலுவின் எல்லையை நெருங்கும்போதுதான் அதன் குரல் தடிக்கிறது, கம்பியைத் தொடும் விரலின் அழுத்தத்துக்குத் தக்கபடி கனிகிறது, கொஞ்சம் பிசிறடிக்கிறது. ஆள் அதற்காகத்தான் இத்தனை காசு கொடுத்து வாங்குகிறான். ஆகவே எல்லைக்குக் கீழே வெகுதூரத்தில் ஓடும் பெரிய வால்வு ஆம்ப், சும்மா சுமக்கும் பாரம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் ட்யூப் என்கிறார்கள், ஆங்கிலேயர்கள் வால்வு என்கிறார்கள். நம் ஊரில் ட்யூப் என்றால் ட்யூப்லைட்; அதைவிட, விஷயம் மண்டையில் தாமதமாக ஏறுகிறவருக்கு வைத்த பட்டப்பெயர். சுவிட்சைப் போட்ட பிறகு அரை நிமிடம் ஆற அமர விழித்துக்கொள்ளும் இந்தப் பெட்டிக்கு அந்தப் பெயரும் பொருந்தும்தான். ஆனாலும் வால்வு ரேடியோ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வால்வு என்றே சொல்கிறேன். அதில் வெறும் பழம்பாசம் மட்டும் இல்லை. ஐரோப்பிய ரேடியோக்களிலும் ரேடியோகிராம்களிலும் ஸ்பீக்கரை இயக்கிய இஎல்84 என்ற அதே வால்வுதான் இன்றைக்குச் சிறிய கிட்டார் ஆம்புகளில் பலவற்றை இயக்குகிறது. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் இந்த வகை வால்வுகளை நம் நாட்டிலேயே செய்தது. பழைய இருப்பில் கிடைக்கும் அந்த வால்வுகளைத் தேடி வாங்கும் கிட்டார்காரர்கள் வெளிநாட்டில் இன்றும் உண்டு.

சிறிய ஆம்ப் புதுச் சரக்கு அல்ல. பெரிய ஆம்புதான் இடையில் வந்து போனது. கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1940களின் கடைசியில் செய்யத் தொடங்கிய சாம்ப் வரிசை, மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் கற்றுக்கொள்கிற மாணவர்களுக்கானது. ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வு ஒரே ஒரு 6வி6, 5 வாட் அளவு. இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டில் டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏசி15 வெளிவந்தது 1958இல். இரண்டு இஎல்84, 15 வாட். அன்றைய நடன அரங்குக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு ஷேடோஸ் குழுவின் மேடைகளில் ரசிகர்களின் கூச்சல் கிட்டாரை விழுங்கத் தொடங்கியதும், இரண்டு ஏசி15 சேர்ந்தாற்போல ஏசி30 பிறந்தது. லண்டனின் மேற்குப் பக்கம் ஹான்வெலில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், தி ஹூ குழுவினர் கேட்டதற்காக 100 வாட் ஆம்ப் செய்தார். 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000க்கும் மேற்பட்டோர் முன்னால் பீட்டில்ஸ் வாசித்தபோது, வாக்ஸ் செய்துகொடுத்த 100 வாட் ஆம்புகள் அவர்கள் பின்னால் இருந்தன. அப்படியும் யாருக்கும் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.

ஏன் இந்த வாட் பந்தயம்? அன்றைக்கு ஒலிபெருக்கி அமைப்பு பாடகரின் குரலுக்கு மட்டும்தான். கிட்டாரைக் கடைசி வரிசைவரை கொண்டுபோகும் வேலை முழுக்க ஆம்பின் தலையில் விழுந்தது. அறுபதுகளின் இறுதியிலிருந்து மேடை ஒலிபெருக்கி வளர்ந்தது, ஆம்புக்கு முன்னால் மைக் வைக்கும் பழக்கம் வந்தது. இன்று உலகம் முழுக்க ஆம்புக்கு முன் நிற்கும் ஷூர் எஸ்எம்57 மைக்கும் 1965இல் வந்ததுதான். மார்ஷலின் 100 வாட் ஆம்ப் பிறந்த ஆண்டிலேயே அதற்கு வேலையில்லாமல் செய்யும் கருவியும் பிறந்துவிட்டது. இந்த விஷயம் மேடைக்காரர்களுக்கு உறைக்க இருபது முப்பது ஆண்டு பிடித்தது. ஒலிப்பதிவுக் கூடக்காரர்களுக்கு முன்பே தெரியும்: 1970இல் மயாமியில் 'லேலா' இசைத்தட்டுக்கு எரிக் கிளாப்டன் வாசித்தது, மாணவருக்கென்று செய்த அந்தச் சின்ன சாம்ப் ஆம்பில்தான்.

இனி வாட் கணக்கு. இது தெரிந்தால் கடையில் பாதிப் பணம் மிச்சம்.

வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். "கொஞ்சம் கூடியிருக்கு" என்று காது சொல்லும், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூடவேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். ஆக, 5 வாட் ஆம்பைப்போல இரண்டு மடங்கு சத்தம் போட 50 வாட் ஆம்ப் வேண்டும். 15 வாட்டுக்கும் 22 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு டெசிபல்கூட இல்லை. இந்த ஏழு வாட்டுக்காகப் பலர் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

அதே பலர் கண்ணில் படாமல் போவது ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் தருகிறது என்று ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஓர் எண் உண்டு. செலஸ்டியன் கிரீன்பேக் 98, அதே நிறுவனத்தின் வின்டேஜ் 30 என்பது 100. சின்னப் பெட்டிகளில் வரும் 8 அங்குல ஸ்பீக்கர்கள் பல தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே நின்றுவிடும். 93க்கும் 98க்கும் இடையே 5 டெசிபல். அது வாட்டை மூன்று மடங்காக்கியதற்குச் சமம். அதாவது 5 வாட் ஆம்பின் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் துளையில் ஒரு நல்ல 12 அங்குலப் பெட்டியைச் செருகினால், அது 15 வாட் ஆம்பின் சத்தத்துக்கு வந்துவிடுகிறது. கூடவே அடிக்குரலும் நிறைகிறது. மேடையில் என்னைக் கவிழ்த்த அந்த 5 வாட் ஆம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அதிலிருந்த உள்ளங்கை அகல ஸ்பீக்கரை நான் கவனித்திருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. பெட்டியில் எழுதியிருக்கும் வாட், குரல் உடையாமல் இருக்கும் எல்லை. அதைத் தாண்டியும் ஆம்ப் சத்தம் கொடுக்கும், ஆனால் உடைந்த சத்தம். ப்ளூஸ், ராக் வாசிப்பவருக்கு உடைவதுதான் வேண்டும். அவருக்கு 15 வாட், மேடையில் 25 மாதிரி இருக்கும். ஜாஸ்காரருக்கோ, சுத்தமான குரலில் கார்டு பிடித்துப் பாடகருக்குத் துணை வாசிப்பவருக்கோ, பெடல்களிலிருந்தே எல்லா ஒலியையும் எடுக்கிறவருக்கோ, உடையாத சத்தம் தேவை; அவருக்கு அதே 15 வாட் எட்டு மாதிரிச் சுருங்கிவிடும். ஆகவே இரண்டு நண்பர்கள் ஒரே ஆம்பைப் பற்றி "ஊரையே கூட்டும்" என்றும் "கொசு மாதிரி முனகும்" என்றும் சொன்னால் இருவருமே பொய் சொல்லவில்லை.

டிரம்ஸ் பக்கம் வருவோம். ஓங்கி அடிக்கும் டிரம்ஸ்காரர் கிட்டத்தில் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டுவார். 15 வாட்டை 100 டெசிபல் ஸ்பீக்கரோடு சேர்த்தால் ஒரு மீட்டரில் கணக்குப்படி 112 வரை போகும். ஈடு கொடுக்கலாம். 5 வாட்டும் 93 டெசிபல் ஸ்பீக்கரும் 100இல் முடிந்துவிடும், மூச்சு வாங்கும். கஹோன் பெட்டியோ தபலாவோ மட்டும் இருக்கும் குழு என்றால் அந்த 5 வாட்டே தாராளம்.

வால்வுகளின் வகை பற்றி நிறைய வாய்ச்சண்டை நடக்கிறது. அதில் பாதி காற்று. அறிந்துகொள்ள வேண்டியது இரண்டே. ஒன்று, ஒற்றைப் பவர் வால்வு ஆம்பும் இரட்டை வால்வு ஆம்பும். ஒற்றை வால்வு, ஒலி அலையின் ஏற்றம் இறக்கம் இரண்டையும் தானே சுமக்கிறது. பொதுவாக 5 முதல் 8 வாட். இரட்டை, மரம் அறுக்கும் ஈராள் ரம்பம்போல: ஒன்று இழுக்க ஒன்று தள்ள, வேலை பல மடங்கு நடக்கும். மேடைக்கு இரட்டைதான் என் தேர்வு. இரண்டாவது, 6வி6க்கும் இஎல்84க்கும் உள்ள குணபேதம். 6வி6 உருண்டையாக, இனிப்பாக, மேலே மணி அடிப்பதுபோல ஒலிக்கும். அமெரிக்க ஒலி என்பார்கள். இஎல்84 நடுக்குரலை முன்னால் தள்ளும், சீக்கிரம் உடையும், உடையும்போது பளபளக்கும். இரண்டு கிட்டார் இருக்கும் குழுவில் இஎல்84 ஆம்ப் மற்றதன் நடுவே புகுந்து கேட்கும். ஒற்றைக் கிட்டார் என்றால் 6வி6 இடத்தை நிரப்பும். இது விதி இல்லை, சாய்வுதான்.

பழைய முறையில், மின்சாரத்தை நேராக்கும் ரெக்டிஃபயர் வேலையையும் ஒரு வால்வே செய்யும். கார்டை ஓங்கி அடித்தால் உள்ளே மின்னழுத்தம் ஒரு கணம் தணிந்து மீளும். அடித்த ஒலி அமுங்கி, பிறகு விரிந்து வரும். இழுத்து வாசிப்பவர் விரலுக்கு அது ஊஞ்சல் மாதிரி. வேகமாக, வெட்டி வெட்டி வாசிப்பவருக்கு எரிச்சல்.

இனி ஆம்புகள். 5 வாட் வகையில் சாம்ப், அதன் வழிவந்தவை, வாக்ஸ் ஏசி4, மார்ஷல் டிஎஸ்எல்5 என்று பல. வீட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் அருமை. மைக் உறுதி என்றால் மட்டும் மேடைக்கு. இதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

12 முதல் 22 வாட் வரையுள்ள நடு வகுப்பில்தான் கதை இருக்கிறது. 1964இல் வந்த ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவெர்ப், இரண்டு 6வி6, 12 முதல் 15 வாட், 10 அங்குல ஸ்பீக்கர். 15 கிலோதான். ஒரு கையில் கிட்டார், மறுகையில் இது, மாடிப்படி ஏறலாம். எதிரொலி தரும் ஸ்பிரிங் ரிவெர்ப் இருக்கிறது. அடிக்குரல் மட்டும் ஓங்கி வாசித்தால் கலங்கும். அதன் அண்ணன் டீலக்ஸ் ரிவெர்ப், 1963இல் வந்தது: 22 வாட், 12 அங்குலம், 19 கிலோ. சுத்தமான குரலில் சிறு மேடையை ஆள இதைவிட நல்ல வால்வு ஆம்ப் நான் வாசித்ததில்லை. ஆனால் குமிழ் ஐந்துக்கு மேல் போனால்தான் அது உடையத் தொடங்கும். அந்த இடத்தில் அறுபது பேர் அறைக்கு அது அதிகம். 1995இல் வந்த ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர், இரண்டு இஎல்84, 15 வாட், 12 அங்குலம், 14 கிலோ அளவு. விலையும் நடுத்தரம். மேடையில் அதிகம் கண்ணில் படும் ஆம்ப் இது. பெட்டி சிறியதால் ஒலி கொஞ்சம் பெட்டிக்குள்ளேயே நிற்கிறது என்று புகார் உண்டு, எனக்கும் உண்டு. வாக்ஸ் ஏசி15இன் இன்றைய வடிவம் குரலில் இவற்றை ஓரம்கட்டும், எடையில் 22 கிலோ வாங்கும். காரில் போகிறவர் வாங்கட்டும். பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போகிறவர் யோசிக்கட்டும்.

2006இல் ஆரஞ்ச் நிறுவனம் டைனி டெரர் என்று சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப், கொண்டுவந்தது. 15 வாட், சுவிட்ச் தட்டினால் 7. தோளில் மாட்டிக்கொண்டு போய், அங்கே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியில் செருகினால் போதும். அதைப் பார்த்து எல்லோரும் அதே போலச் செய்யத் தொடங்கினார்கள். ஸ்பீக்கர் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும் ஊர்களில் இந்த வகை வெகு வசதி. ஆனால் ஓர் எச்சரிக்கை: வால்வு ஆம்பை ஸ்பீக்கர் செருகாமல் வாசிக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். 15ஐ 7 ஆக்கும் அந்தச் சுவிட்சிடமும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பாதி வாட் என்றால் 3 டெசிபல் குறைவு, முன்பே பார்த்த கணக்குதான்.

ஆம்ப் எதுவானாலும் வைக்கும் இடம் பாதி வேலை செய்யும். கிட்டார் ஸ்பீக்கரின் மேல்குரல் டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகும். ஆம்பைத் தரையில், கணுக்காலுக்குப் பின்னால் வைத்துவிட்டு "எனக்குக் கேட்கலை" என்று குமிழைத் திருகுகிறோம். முன் வரிசைக்காரர் காது கிழிகிறது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் தூக்கி வைத்து, கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பாருங்கள். அதே ஆம்ப் இரண்டு மடங்கு பெரிதாகும், குமிழ் இரண்டு கோடு கீழே வரும். காசு செலவில்லாத வாட் இது.

மின்சாரத்தில் நம்மவர்கள் ஏமாறுவது தனிக் கதை. அமெரிக்காவிலிருந்து அண்ணனோ மச்சானோ தூக்கி வரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் நல்ல நாளில் ஃபியூஸ் போகும், கெட்ட நாளில் டிரான்ஸ்ஃபார்மரே போகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 20 வாட் ஆம்புதானே என்று 50 வாட் ஸ்டெப்-டவுன் வாங்காதீர்கள். வால்வுகளைச் சூடாக்கவே மின்சாரம் போகிறது, 20 வாட் ஆம்ப் 100 வாட்டுக்கு மேல் இழுக்கும். 300 வாட் தாங்குவதாக வாங்குங்கள். எர்த் விஷயத்தில் விளையாட்டே கூடாது. பந்தலில், ஜெனரேட்டரில், மூன்றாவது பின்னை உடைத்துச் செருகிய பலகையில், கிட்டார் கம்பியைத் தொட்ட கை மைக்கைத் தொட்டால் உயிர் போகலாம். 1972இல் வேல்ஸின் சுவான்சி நகரில் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே இறந்தது, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதால். ஐம்பது ரூபாய் டெஸ்டரைக் கிட்டார் பையிலேயே போட்டுவையுங்கள்.

பராமரிப்பு நினைப்பதைவிடக் குறைவு. கிட்டார் ஒலியை முதலில் பெருக்கும் சின்ன 12ஏஎக்ஸ்7 வால்வுகள் பல ஆண்டுகள் உழைக்கும். பவர் வால்வுகள் அடிக்கடி மேடையேறுகிறவருக்கு ஓரிரு ஆண்டில் களைக்கும். ஒரு ஜோடி மாற்று எப்போதும் கையில் இருக்கட்டும், ஏனென்றால் இன்று உலகில் வால்வு செய்யும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ரஷ்யாவின் சரட்டோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, சீனாவில் சில. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தப் போகிறது என்ற செய்தி வந்ததும் வால்வு விலை எங்கெங்கோ ஏறியது. வால்வைக் கழற்றி மாட்டலாம், உள்ளே மட்டும் கையை விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, டிரான்சிஸ்டரோ டிஜிட்டலோ வாங்கக் கூடாதா என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120இன் சுத்தமான குரலுக்கு எந்த வால்வு ஆம்பும் பதில் சொல்ல முடியாது. 2019இல் ஃபெண்டரே தன் டீலக்ஸ் ரிவெர்பை டிஜிட்டலில் டோன் மாஸ்டர் என்று செய்து, எடையைப் பத்து கிலோ சொச்சமாகக் குறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் ரசிகருக்கு வித்தியாசம் தெரியாது என்றே நினைக்கிறேன். வாசிக்கிறவன் விரலுக்குத் தெரியும். அந்த வித்தியாசம் வேண்டாதவர் தாராளமாக டிஜிட்டல் வாங்கலாம், முதுகு வாழ்த்தும்.

வேண்டும் என்கிறவருக்கு என் தீர்ப்பு இது. ஒரே ஒரு ஆம்ப்தான் வாங்க முடியும், டிரம்ஸ் உண்டு, மைக் நிச்சயமில்லை என்றால் 15 வாட், இரண்டு பவர் வால்வு, 12 அங்குலத்தில் 98 டெசிபலுக்குக் குறையாத ஸ்பீக்கர். சுத்தமான குரல்தான் பிழைப்பு என்றால் 22. மைக் நிச்சயம் என்றால் 5 போதும், மிச்சக் காசில் நல்ல ஸ்பீக்கர். கடைக்குப் போகும்போது உங்கள் டிரம்ஸ்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் ஒரு ஸ்நேர் டிரம் இருந்தால் அவரை வழக்கம்போல அடிக்கச் சொல்லி, அதற்கு எதிரில் வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.